ஆடிட்டரம்மாவுக்கு இரண்டு டீ

சத்தியம் தம்பி, சத்தியம்! நான் இப்போது சொல்லப்போவதில் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பொய்யாக இருந்தாலும், இந்த பஸ் அடுத்த வளைவில் அப்படியே கவிழ்ந்து குளத்துக்குள் போகட்டும்!

பார்த்தீர்களா, கண்டக்டர் முறைக்கிறான். "ஓய் பெருசு, உம்ம சத்தியத்துக்கு எங்க உசுரையா பணயம் வைக்கீரு? உம்ம தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணும்வே" என்கிறான். என் தலையில் அடித்துச் செய்த சத்தியங்கள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன தம்பி, அங்கே இனி இடம் இல்லை. அதனால்தான் பஸ்ஸைப் பிடித்தேன். வளைவு தாண்டிவிட்டதா? பஸ் நிமிர்ந்து நிற்கிறதா? அப்புறம் என்ன, நிரூபணம் ஆகிவிட்டது.

மடியில் சம்பங்கி மாலை வைத்திருக்கிறீர்கள். ஈரத்துணி சுற்றியிருக்கிறீர்கள். பாளையங்கோட்டையில் ஏறினீர்கள், தும்பைநேரிக்கு டிக்கெட் எடுத்தீர்கள். ஆக, ஆடிட்டர் ஞானசுந்தரி அம்மாவின் நினைவுக் கூட்டத்துக்குத்தான் போகிறீர்கள். மேடையில் இன்றைக்கு ஆளாளுக்கு மைக்கைப் பிடித்துப் பேசுவார்கள். அவர்களில் ஒருத்தனும் கண்ணால் பார்த்தவன் இல்லை. பார்த்தவன் நான். பலவேசம் என்று பெயர். தும்பைநேரி பஸ் ஸ்டாப்பில் சைக்கிள் கடை. மந்திரமூர்த்தி டீக்கடைக்கு நேர் எதிரே.

தம்பி எந்தப் பக்கம்? பாளையங்கோட்டைதான், சரி. அதற்கு முன்னால்? பூர்வீகம்? சரி சரி, விடுங்கள். கதையைக் கேளுங்கள்.

திருநெல்வேலி மில் முதலாளிகள் ஆடிட்டரம்மா பெயரைக் கேட்டாலே கணக்கு நோட்டைத் தூசி தட்டுவார்கள். கண்ணால் பார்க்காத எதிலும் கையெழுத்துப் போட மாட்டார். "குடோன்ல சரக்கு இருக்கும்மா" என்று சொன்னால் போதாது, குடோனைத் திறக்க வேண்டும், மூட்டையைத் திறக்க வேண்டும், உள்ளே கையை விட்டுப் பார்ப்பார். ஒரு மில்லில் அந்தம்மா குடோன் வாசலில் வந்து நின்றதும் மானேஜருக்குப் பேச்சு நின்றுபோனது. பல நாள் கழித்துத் திரும்பி வந்தபோது மலையாளத்தில்தான் வந்தது. அவன் சாத்தான்குளத்துக்காரன்! சத்தியமான பேச்சு.

ஆளைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். குட்டையான உருவம், சோடாபுட்டிக் கண்ணாடி, கைத்தறிச் சேலை, ஒரு பழைய டி.வி.எஸ். வண்டி. குரலை உயர்த்தியே பேச மாட்டார். திங்கள் முதல் சனி வரை ஆடிட்டு. ஞாயிற்றுக்கிழமை சமத்துவக் குழு. எந்த ஊர் டீக்கடையில் காலனிக்காரருக்குத் தனித் தம்ளர் வைத்திருக்கிறார்களோ, அந்த ஊருக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

எங்கள் ஊர்க் கடையில் அது இருந்தது. மேலத்தெரு ஆட்களுக்குக் கண்ணாடி கிளாஸ், பெஞ்சில் உட்கார்ந்து குடிக்கலாம். காலனி ஆட்களுக்கு அலுமினியத் தம்ளர். அது கடைக்குள் இருக்காது. வெளிச்சுவரில் வரிசையாக ஆணி அடித்து மாட்டியிருக்கும். காலனிக்காரன் வந்தால் அவனே ஒன்றைக் கழற்றி நீட்ட வேண்டும். மந்திரமூர்த்தி தம்ளரில் படாமல் உயரத்திலிருந்து ஊற்றுவான். நல்ல கைப்பழக்கம், ஒரு சொட்டுச் சிந்தாது. குடித்து, கழுவி, அதே ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். நான் மேலத்தெருதான். ஆனாலும் எனக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது தம்பி. காலனி சைக்கிளுக்கும் மேலத்தெரு சைக்கிளுக்கும் ஒரே பம்பில்தான் காற்றடிப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆடிட்டரம்மா வந்தார். கூட முக்காண்டி. முக்காண்டி காலனிக்காரன், கொத்தனார் வேலை, வாய் செத்த மனிதன். அந்தம்மா சுவரில் தொங்கிய தம்ளர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் மந்திரமூர்த்தியிடம் போய், "அண்ணாச்சி, அடுத்த ஞாயித்துக்கெழம காலைல பத்து மணிக்கு நானும் இவரும் இங்க டீ குடிக்க வருவோம். உள்ள உக்காந்து, கண்ணாடி கிளாஸ்ல. அதுக்குள்ள இந்தத் தம்ளரையெல்லாம் எடுத்துருங்க" என்றார்.

அந்தம்மா போனதும் மந்திரமூர்த்தி என்னிடம் வந்து, "ஓய் பலவேசம், சண்டைக்கு வாரவன் எவனாவது நாள் சொல்லிட்டு வருவானாவே?" என்று கேட்டான்.

நானும் அதைப் பிற்பாடு அந்தம்மாவிடமே கேட்டேன். "எங்க தொழில்ல அப்படித்தான் அண்ணாச்சி. சோதனைக்கு முன்னாடி சொல்லணும். தப்பைத் திருத்திக்க ஆளுக்கு ஒரு வாய்ப்புக் குடுக்கணும்ல" என்றார். படித்தவர்களுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும். நாள் குறித்துக் கொடுத்தால் மில் மானேஜர் குடோனைக் கூட்டிப் பெருக்கி வைப்பான். எங்கள் ஊர்க்காரன் கம்பை எடுத்து எண்ணெய் போட்டு வைப்பான்.

அடுத்த ஞாயிறு. பத்து மணி. இருவரும் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். "ரெண்டு டீ. கண்ணாடி கிளாஸ்."

மந்திரமூர்த்தி பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் மச்சினன் வெள்ளத்துரை பேசினான். பேசினான் என்றால் கையால். முக்காண்டியின் முடியைப் பிடித்துத் தூக்கி, டீ ஆற்றுகிற மேடை விளிம்பில் முகத்தை வைத்து ஒரே இடி. அப்படி ஒரு சத்தத்தை நான் தேங்காய் உடைக்கிற இடத்தில்கூடக் கேட்டதில்லை. முக்காண்டியின் முன்பல் தெறித்துப்போய் உளுந்த வடைத் தட்டில் விழுந்தது. மந்திரமூர்த்தி அதைப் பொறுக்கி வெளியே போட்டுவிட்டு வடையை விற்றான். நானே ஒன்று வாங்கினேன். நன்றாகத்தான் இருந்தது.

அந்தம்மா எழுந்து நடுவில் பாய்ந்தார். வெள்ளத்துரை அவரைப் பார்த்துக் கையை ஓங்கினான். ஓங்கிய கை வருகிறது, வருகிறது, மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் வந்துவிட்டது. அப்போது மந்திரமூர்த்தி கத்தினான் பாருங்கள்:

"எலேய் நில்லு! நில்லுலே! அந்தம்மா என்ன ஆளுங்கன்னு இன்னும் தெரியல!"

கை அந்தரத்தில் நின்றுவிட்டது. நிறுத்திய குத்தை என்ன செய்வது? உடம்புக்குள்ளே வைத்திருக்க முடியுமா? வெள்ளத்துரை அப்படியே திரும்பி, அந்த மிச்சக் குத்தை முக்காண்டியின் விலாவில் இறக்கினான். முக்காண்டி யார் என்று எல்லோருக்கும் தெரியுமே.

இதுதான் எங்கள் ஊர் வழக்கம் தம்பி. யாரையும் கண்மூடித்தனமாக அடித்துவிட மாட்டோம். விசாரித்துத்தான் அடிப்போம். பெரிய இடத்து ஆளாக இருந்து, அவர்கள் பக்கம் லாரி லாரியாக ஆள் வந்து இறங்கிவிட்டால்?

ஆக, விசாரணை தொடங்கியது. நேராகக் கேட்பது மரியாதை இல்லை. சுற்றி வளைத்துத்தான் கேட்க வேண்டும். மந்திரமூர்த்தி கேட்டான்: "அம்மா எந்தப் பக்கம்?"

"பாளையங்கோட்டை. மார்க்கெட் பக்கம்."

"இல்ல, அப்பா வழியில?"

"அப்பா எப்பவும் பஸ்லதான் வருவாரு."

"கொலசாமி எது?"

"ரெண்டு டீ கேட்டேனே அண்ணாச்சி, ஆறிரப் போவுது."

பெயரை வைத்தும் ஒன்றும் பிடிபடவில்லை. ஞானசுந்தரி என்று சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்களும் வைப்பார்கள், நாமும் வைப்போம், யார் வேண்டுமானாலும் வைப்பார்கள். கடைசியில் என்னிடம் வந்தார்கள். "பலவேசம், நாலு எடம் போறவரு நீரு. உமக்குத் தெரியாமலா இருக்கும்?"

தெரியாது என்று சொல்லி ஒருத்தனைத் திருப்பி அனுப்பும் பழக்கம் எனக்கு என் ஆயுசில் கிடையாது. "டி.ஐ.ஜி.க்குச் சின்னம்மா மவ" என்றேன். மந்திரமூர்த்தியின் முகம் சுண்டிவிட்டது. எனக்கு உடனே ஓசியில் டீ வந்தது. அடுத்த நாள் இன்னும் கேட்டான். டீ ருசியாக இருந்ததால் கொஞ்சம் கூட்டினேன். "கிழக்கே ஒரு ஜமீன்வே. வீட்ல இன்னும் பல்லக்குக் கெடக்கு. நம்மளவிட ரெண்டு படி ஒசந்த ஆளுங்க. இவுக தாத்தா கோவம் வந்தா ஆளை வெட்ட மாட்டாராம், ஆள் நின்ன நெலத்தையே வெட்டி எடுத்துருவாராம்." இதைச் சொல்லிக்கொண்டே வந்தபோது எனக்கே உடம்பு நடுங்கியது.

அதற்கடுத்த ஞாயிறு என்ன நடந்தது? அந்தம்மாவுக்கு வீட்டிலிருந்து பிரம்பு நாற்காலி வந்தது. துண்டால் தூசி தட்டிப் போட்டார்கள். மந்திரமூர்த்தி கைகட்டி நின்றான். வெள்ளத்துரை மீசையை இறக்கிவிட்டிருந்தான். "அம்மா, ஒங்களுக்குப் பாலாவே தாரேன்" என்றான்.

"ரெண்டு டீ. ஒண்ணு எனக்கு, ஒண்ணு இவருக்கு."

"இவனுக்கா? இந்தா இவனுக்கு" என்று வெள்ளத்துரை பாய்லர் குழாயைத் திறந்து கொதிக்கிற வெந்நீரை ஒரு சொம்பு பிடித்து முக்காண்டியின் கையில் ஊற்றினான். கொத்தனார் கை, சிமெண்டு தின்ற கை, அதுவே தோல் உரிந்து கையுறை மாதிரி தொங்கியது. முக்காண்டி கத்தவில்லை. மூச்சை உள்ளே இழுத்தான், அவ்வளவுதான். அந்தம்மா சொம்பைப் பிடுங்க ஓடினார். அவர் கிட்டே போகப் போக எல்லோரும் மரியாதையாக விலகி வழி விட்டார்கள். முக்காண்டிக்கு அடி, அந்தம்மாவுக்குக் கும்பிடு. இப்படியே போனது.

என் புண்ணியம்தான் அது. யார் என்னை நினைத்துப் பார்க்கிறார்கள்?

வெந்நீர் ஊற்றிய அன்றைக்கு முக்காண்டியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு அந்தம்மா என் கடைக்கு வந்தார். வண்டி டயரில் காற்று இல்லை. ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தம்மா பெட்டி மேல் உட்கார்ந்து, சேலையில் ஒட்டியிருந்த முக்காண்டியின் கைத்தோலைப் பார்த்துக்கொண்டே, "ஏன் அண்ணாச்சி என்னய மட்டும் அடிக்க மாட்டேங்கறாங்க?" என்றார்.

யோசித்துப் பாருங்கள், உலகத்தில் யாராவது இப்படி ஒரு குறையைச் சொல்வார்களா? எனக்கு மனசு இளகிவிட்டது. சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன். "தாயி, நீங்க என்ன ஆளுங்க?"

அந்தம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "இந்த ஊர்ல நேராக் கேட்ட மொத ஆளு நீங்கதான். நேராக் கேட்டா நேராச் சொல்லணும். எங்க அம்மா இந்தக் காலனிதான் அண்ணாச்சி. கல்யாணமாகி தூத்துக்குடி உப்பளத்துக்குப் போனா. சின்னப் புள்ளையில இதே கடையில சிரட்டையில டீ வாங்கிக் குடிச்சிருக்கா. அப்புறம் அந்த ஆணித் தம்ளர்ல குடிச்சிருக்கா. அதான் மொதல்ல இந்த ஊருக்கு வந்தேன்."

எனக்கு ட்யூப் கையிலிருந்து நழுவிவிட்டது. "இது வெளிய தெரியலாமா தாயி?"

"மறைக்க என்ன இருக்கு? யாரும் நேராக் கேக்கல, நான் சொல்லல."

கவனித்தீர்களா தம்பி? சொல்லக்கூடாது என்று அந்தம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனாலும் நான் என் வாயைக் கட்டிக்கொண்டேன். திங்கள், செவ்வாய், புதன், ஒரு ஈ காக்கையிடம்கூட மூச்சுவிடவில்லை. வியாழக்கிழமை மந்திரமூர்த்தி, "ஜமீன் கதை பழசாப் போச்சுவே. புதுசா எதாவது சொன்னாத்தான் இனிமே டீ" என்று சிரித்தான். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். 'பலவேசத்துக்குச் சரக்குத் தீந்துபோச்சு' என்று ஒருத்தன் சொன்னான். எனக்கு! சரக்கு! தீர்ந்துபோச்சாம்!

அவனைத் தனியாகக் கூப்பிட்டு, அவன் காதில் மட்டும் சொன்னேன். அதுவும் சும்மா சொல்லவில்லை. பாய்லர் மேல் கை வைத்து, யாரிடமும் சொல்ல மாட்டேன், பலவேசம் சொன்னதாகவும் சொல்ல மாட்டேன் என்று அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொன்னேன். சூடான பாய்லர் தம்பி. கை பொசுங்கப் பொசுங்கச் செய்த சத்தியம். அவன் மீறியிருக்க மாட்டான்.

ஆனால் எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. எப்படி என்று எனக்கு இன்று வரை விளங்கவில்லை.

ஞாயிறு காலையில் வெள்ளத்துரை என் கடைக்கு வந்து, "ஓய், அந்தச் சைக்கிள் செயினைக் குடும்" என்று கேட்டான். கொடுத்தேன். வீட்டில் சைக்கிள் செயின் அறுந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். அவன் வீட்டில் புல்லட்தான் உண்டு, சைக்கிள் கிடையாது. அது எனக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

பத்து மணி. வண்டிச் சத்தம் கேட்டது. கை முழுக்கக் கட்டுப் போட்டிருந்த முக்காண்டி பின்னால் உட்கார்ந்திருந்தான். அன்றைக்குப் பிரம்பு நாற்காலி இல்லை. ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நான் கடையில் தொங்கிய டயருக்குப் பின்னால் இருந்தேன். டயர் வட்டத்துக்குள்ளே எல்லாம் தெரிந்தது.

"ரெண்டு டீ" என்று சொல்லி வாய் மூடவில்லை. செயின் முகத்தில் விழுந்தது. கண்ணாடி நொறுங்கி இடது கண்ணுக்குள்ளேயே போய்விட்டது. கையை நீட்டிப் பிடிக்கப் பார்த்தார். அடுப்புக் கிளறுகிற கம்பியால் அந்தக் கையில் போட்டார்கள். பச்சை மட்டை முறிகிற மாதிரிச் சத்தம். கீழே விழுந்தவரைச் சடையைப் பிடித்து வெளிச்சுவர் வரை இழுத்துக்கொண்டு போனார்கள். தரையில் செருப்பு ஒன்று இங்கே, ஒன்று அங்கே. வெள்ளத்துரை ஆணியிலிருந்து ஒரு அலுமினியத் தம்ளரைப் பிடுங்கி, அந்தம்மா வாயில் வைத்துக் குத்தினான்.

"குடிட்டி! ஒங்க ஆத்தா குடிச்ச தம்ளர்லயே குடி! ஜமீனாம்ல ஜமீன்! குடி!"

பாருங்கள், ஆத்தா விஷயம்கூட அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஊர் வாய் எப்படிப்பட்டது பாருங்கள்.

முக்காண்டி அந்தம்மா மேல் குப்புற விழுந்து படுத்துக்கொண்டான். அவனை எழுப்பப் பார்த்தார்கள், முடியவில்லை. முதுகில் அடித்தார்கள், எழவில்லை. ஒருத்தன் அரிவாளை வைத்துக் காதை அறுத்தான். அப்போதும் எழவில்லை. எல்லோரும் அந்தம்மா முடிந்தார் என்று நினைத்த நேரத்தில், முக்காண்டியின் தோளுக்கு அடியிலிருந்து அந்த வாய் மட்டும் வெளியே வந்து, தம்ளரைப் பிடித்திருந்த வெள்ளத்துரையின் வலது கட்டைவிரலைக் கவ்வியது. அவ்வளவுதான். விடவே இல்லை. வெள்ளத்துரை போட்ட கத்தலில் கோயில் புறாவெல்லாம் பறந்து போய்ப் பக்கத்து ஊரில் குடியேறின. இன்றைக்கும் எங்கள் ஊரில் புறா கிடையாது. இன்றைக்கும் அவனுக்கு வலது கட்டைவிரல் பாதிதான். வேண்டுமானால் மேடையில் அவர் கும்பிடும்போது பார்த்துக்கொள்ளுங்கள். ஆமாம், அவர்தான் இன்றைக்குக் கூட்டத்துக்குத் தலைமை. கட்சியில் பெரிய பொறுப்பு. சமத்துவம் பற்றி நன்றாகப் பேசுவார்.

அந்தம்மா பிழைத்ததே அதிசயம். பல மாசம் ஆஸ்பத்திரி. இனிமேல் இந்தத் திசையிலேயே தலை வைத்துப் படுக்க மாட்டார் என்று ஊரே நினைத்தது. ஒரு நாள் முக்காண்டி ஒற்றைக் காதோடு டீக்கடை வாசலில் வந்து நின்று, "அம்மா சொல்லச் சொன்னாவ. வர்ற ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வந்தார். கையில் மாவுக்கட்டு, ஒரு கண்ணில் கட்டு, ஒரு காலை இழுத்து இழுத்து நடை. வெள்ளத்துரை ஜாமீனில் வெளியூரில் இருந்தான். மந்திரமூர்த்தி ஒண்டியாக நின்றான். "ரெண்டு டீ" என்றார். அவன் பாய்லரைத் திறந்தான். கண்ணாடி கிளாஸில் இரண்டு டீ வைத்தான். முக்காண்டி பொக்கை வாயால் ஊதி ஊதிக் குடித்தான். அந்தம்மா குடித்துவிட்டு, "சீனி கொஞ்சம் கூட" என்றார். போய்விட்டார்கள்.

போனதும் மந்திரமூர்த்தி அந்த இரண்டு கிளாஸையும் கடைக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பாறையில் அடித்து நொறுக்கினான். அடுத்த வாரமும் அப்படித்தான். அதற்கடுத்த வாரம் அந்தம்மா ஒற்றைக் கண்ணால் கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, போன வாரம் இதுல நீலக் கோடு இருந்துச்சே?"

"அது... அது கைதவறி ஒடஞ்சி போச்சும்மா."

நான் முதலிலேயே சொன்னேனே, கண்ணால் பார்க்காமல் அந்தம்மா எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார். எழுந்து காலை இழுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போனார். உடைந்த கிளாஸ் குவியலைப் பார்த்தார். சண்டை போடவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, "சரி. அடுத்த ஞாயிறு பத்து மணி" என்றார்.

அடுத்த ஞாயிறு காலனியே வந்தது தம்பி! கிழவி, குமரி, கைப்பிள்ளை, எல்லோரும். ஆடிட்டரம்மா வாங்கிக் கொடுக்கிறார். "எல்லாருக்கும் டீ. கண்ணாடி கிளாஸ்." கடையில் இருந்த அத்தனை கிளாஸும் ஒரு சுற்றுப் போய் வந்தது. அவர்கள் போனதும் மந்திரமூர்த்தி பின்னால் போய் அத்தனையையும் உடைத்தான். கோயில் திருவிழாவில் வேட்டுப் போட்ட மாதிரி அப்படி ஒரு சத்தம். அடுத்த வாரம் பெட்டி பெட்டியாகக் கிளாஸ் வாங்கி வந்தான். காலனி மறுபடி வந்தது. மறுபடி உடைத்தான். கண்ணாடிச் சில்லு ரோடு வரை வந்து எனக்குப் பஞ்சர் வேலை குவிந்தது. அந்த வருஷம் மாதிரி எனக்கு என்றைக்கும் யாவாரம் நடந்ததில்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம் மேலத்தெரு ஆட்கள் வழக்கம்போல வந்து உட்கார்ந்தார்கள். டீ கேட்டார்கள். கடையில் ஒரு கிளாஸ் இல்லை. எல்லாம் பாறையில் கிடக்கிறது. மந்திரமூர்த்தி அங்கே இங்கே தேடினான். கடைசியில் வெளியே போய் ஆணியிலிருந்து அலுமினியத் தம்ளர்களைக் கழற்றிக்கொண்டு வந்து அதில் டீ ஊற்றிக் கொடுத்தான். மேலத்தெரு பெரியவர்கள் அதைக் கையில் வாங்கி ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். வாய் வரை கொண்டுபோனார்கள். பாதிப் பேர் குடித்தும் விட்டார்கள். டீத் தவிப்பு பொல்லாதது. நான் குடித்தேன். அதில் குடித்தால் உதடு சுடும் தம்பி. அது வரைக்கும் எனக்கு அது தெரியாது.

அதற்கடுத்த ஞாயிறு காலனி குடித்துப் போனதும் மந்திரமூர்த்தி ஒரு கிளாஸை எடுத்துப் பாறை மேல் ஓங்கினான். ஓங்கிய கை இறங்கவில்லை. அவன் பெண்டாட்டி வாசலில் நின்று, "ஒடையும், ஒடையும். அதையும் ஒடச்சிட்டு என் தலையிலயும் ஒண்ணு போடும். யாவாரத்துல வந்த காசெல்லாம் கிளாஸுக்கே போயாச்சி, இனி நானும் கையேந்த வேண்டியதுதான்" என்றாள். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். அப்புறம் எழுந்து அந்தக் கிளாஸைக் கழுவி வைத்தான். அவ்வளவுதான். அதோடு அந்த ஆணிக்கு வேலை போயிற்று.

அந்தம்மா ஒரே ஒரு அலுமினியத் தம்ளரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ஆபீஸ் மேஜையில் பேனா போட்டு வைத்திருப்பாரே, நீங்கள் அந்த ஆபீஸ்தான் என்றால் பார்த்திருப்பீர்கள். விளிம்பில் ஒரு நெளிவு இருக்கும். அது அவர் பல் பட்ட இடம்.

கேஸ் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள். வந்தது, பல வருஷம் கழித்து. ஊரில் யாரும் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். மந்திரமூர்த்தி அன்றைக்குக் கண் வலி என்றான். அந்தம்மாவும் முக்காண்டியும் பாதிக்கப்பட்டவர்கள், அவர்கள் சொன்னது மட்டும் போதாதாம். வெளிச்சாட்சி வேண்டுமாம். நான் மட்டும் துணிந்து முன்னால் வந்தேன். பயந்தவன் இல்லை நான். அந்தம்மா கோர்ட் வாசலில் என் கையைப் பிடித்து, "அண்ணாச்சி, பார்த்தத மட்டும் சொல்லுங்க. கூட ஒரு துளி வேண்டாம்" என்றார்.

புது வேட்டி கட்டிக்கொண்டு கூண்டில் ஏறினேன். தம்பி, அவ்வளவு கூட்டம் என் பேச்சைக் கேட்க அதற்கு முன்பும் இருந்ததில்லை, பின்பும் இருந்ததில்லை. நீதிபதி முதற்கொண்டு என் வாயையே பார்க்கிறார்! செயின் என்று ஆரம்பித்தேன். அது சப்பென்று இருந்தது. வீச்சரிவாள் என்றேன். ஏழெட்டுப் பேர் என்றால் யாருக்கு விறுவிறுப்பு வரும்? இருநூறு பேர் என்றேன். எதிர்க்கட்சி வக்கீல் நல்ல மனுஷன், மிக மரியாதையாக, "அப்புறம், அப்புறம்" என்று கேட்டுக்கொண்டே வந்தார். கேட்கக் கேட்க எனக்கும் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் கோயில் யானை வந்து அந்தம்மாவைத் தும்பிக்கையால் தூக்கிக் காப்பாற்றிய இடத்தில், வக்கீல் கேட்டார்: "அந்த யானைக்குச் சம்மன் அனுப்பியாச்சா?" கோர்ட்டே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. நீதிபதி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எப்பேர்ப்பட்ட சாட்சி!

எல்லோருக்கும் விடுதலை. எங்கள் பக்கத்து வக்கீல் சரியில்லை தம்பி. வேறென்ன காரணம் இருக்க முடியும்?

வெளியே வந்த அந்தம்மா வேப்பமரத்தடியில் நின்று என்னை அந்த ஒற்றைக் கண்ணால் பார்த்தார். "அண்ணாச்சி, நீங்க ஊர்ல பொய் சொன்னப்பல்லாம் நான் நல்லா இருந்தேன். ஒரே ஒரு தடவ நெசத்தச் சொன்னீங்க. அந்த ஒரு தடவ இங்கயா இருந்திருக்கலாம்" என்றார். பெரிய படிப்புப் படித்தவர், அவர் பேச்சு எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை. பாராட்டு என்பது மட்டும் நிச்சயம். எந்த நிஜத்தைச் சொன்னார் என்றுதான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்கப்புறமும் பல வருஷம் ஞாயிற்றுக்கிழமை வருவார். முக்காண்டியோடு உட்கார்ந்து டீ குடிப்பார். டயரில் காற்று இல்லாவிட்டால் என்னிடம்தான் வருவார். நானும் பேச்சுக் கொடுப்பேன். "புள்ளைங்க எத்தனை தாயி? மாப்பிள்ள எந்தப் பக்கம்?" சிரித்துக்கொண்டே, "காத்து மட்டும் அடிங்க அண்ணாச்சி" என்பார். வேறு ஒரு வார்த்தை வாங்க முடியாது. எனக்கு அது ஒரு சின்னக் குறைதான்.

அதோ பேனர் தெரிகிறது பாருங்கள். நடுவில் அந்தம்மா படம். பக்கத்தில் கும்பிட்ட கையோடு வெள்ளத்துரை. படத்தில் கட்டைவிரலை முழுசாக வரைந்துவிட்டார்கள். எவ்வளவு பொய் பாருங்கள் ஊரில்.

நீங்கள் இங்கே இறங்குங்கள். நான் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிறேன். உங்களோடு சேர்ந்து இறங்கினால் நான்தான் சொன்னேன் என்று தெரிந்துவிடும். யாராவது கேட்டால் பஸ்ஸில் ஒரு கிழவர் என்றுகூடச் சொல்ல வேண்டாம். காற்றுவாக்கில் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஆமாம் தம்பி, இறங்குவதற்கு முன்னால் ஒன்று. அந்தம்மாவிடம் கேட்ட மாதிரியே சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். நீங்கள் என்ன ஆளுங்க? சும்மா சொல்லுங்கள். நான் சொன்னதாக நீங்கள் யாரிடமும் சொல்லாதீர்கள். நீங்கள் சொன்னதாக நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.